மூன்றாம் தரம் என்று நான் எழுதிய ஆள்

நான் கண்ணால் பார்க்காத ஒரு சண்டையைப் பார்த்ததாக எழுதினேன். அந்தச் சண்டையில் தோற்றவர் என் முன்னால் வந்து நின்று கேட்டபோதும், பார்த்ததாகவே சொன்னேன். அதோடு அவருடைய குத்துச்சண்டை வாழ்க்கை முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டு மற்றதைப் படிப்பதே நியாயம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் இப்போது இருக்கும் இளைஞர்கள்தான் என்னை எழுதச் சொன்னார்கள். கனத்த ஆட்கள் மோதும் ஹெவிவெயிட் பிரிவின் உலகப் பட்டம் மறுபடியும் ஒரு கறுப்பர் கைக்கு வந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே பட்டத்தை வென்ற முதல் கறுப்பர் பெரியவரா, இவர் பெரியவரா, இடையில் வந்த வெள்ளைக்காரர்களை எங்கே வைப்பது என்று அவர்களுக்குள் தினமும் வாக்குவாதம்.

"ஒவ்வொருத்தரும் யார் யாரை ஜெயிச்சாகன்னு தரம் பிரிச்சு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்கய்யா. அதுல உங்கள விட்டா இங்குட்டு ஆளு இல்ல" என்றார் அவர்களில் ஒருவர்.

உண்மைதான். எனக்குப் பட்டியல் போடத் தெரியும். அது தெரிந்ததால்தான் தப்பு நடந்தது.

மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறினேன். அங்கே ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பதினான்கு வருஷம் அச்சுப்பிழை திருத்தினேன். விளையாட்டுப் பக்கம் என் பொறுப்பு. அமெரிக்காவில் நடக்கும் சண்டைகளின் தந்திச் செய்தி என் மேஜைக்குத்தான் முதலில் வரும். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் உறை வைத்து, செய்தியை வெட்டி அதில் போட்டுவைப்பேன். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தேக்குப் பெட்டி கொண்டுவந்தார்கள். நான் கொண்டுவந்தது அந்த உறைகளை.

அந்த உறைகளை வைத்து எனக்கென்று ஓர் அளவு முறையை உண்டாக்கிக்கொண்டேன். ஒரு சாம்பியன் எத்தனை பேரை வென்றார் என்பதைவிட, எப்படிப்பட்டவர்களை எந்த நேரத்தில் வென்றார் என்பதைப் பார்ப்பேன். முதல் கறுப்பர் வென்றவர்களில் மிகப் பெரிய பெயர் ஒரு முன்னாள் சாம்பியனுடையது. ஆனால் அந்த மனிதர் ஐந்தாறு வருஷம் சும்மா இருந்து, ஏறிய சதையைக் குறைத்துக்கொண்டு வந்தவர். மேடையில் மோதுவது பெயர் அல்ல, அன்றைய உடம்பு. பட்டியலில் வராத பெயர்களையும் பார்க்க வேண்டும். பெரிய யுத்தத்துக்குப் பிறகு பட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரரிடம் ஒரு கறுப்பர் வருஷக்கணக்காகச் சவால் விட்டுக் காத்திருந்தார். சண்டை நடக்கவே இல்லை. முதல் கறுப்பரும் பட்டம் கிடைத்தபின் தம் இனத்தாருக்கு வாய்ப்புக் கொடுத்தது அபூர்வம். ஆகவே எந்தச் சாம்பியனின் பட்டியலையும் அப்படியே நம்பக் கூடாது. இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும்தான் தப்புச் செய்தேன்.

காரைக்குடியில் எனக்கு வேலை கொடுத்தவர் ஆசிரியர் நாச்சியப்பன். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் பினாங்கில் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் கடல் தாண்டாமல் அச்சு இயந்திரம் வாங்கிப் போட்டுப் பத்திரிகை ஆரம்பித்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கட்டுரையைக் கையில் வாங்கியதும் அவர் கண் எழுத்துக்குப் போகாது. தாளின் இடது ஓரத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக ஓர் எழுத்து இருக்க வேண்டும். நேரில் பார்த்ததற்கு 'பா'. பிறர் சொல்லக் கேட்டதற்கு 'கே'. நாமாக யூகித்ததற்கு 'யூ'. இது அச்சில் வராது. அவருக்கும் எழுதுகிறவருக்கும் மட்டும்.

'யூ' அதிகமானால் தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுப்பார். "இது கட்டுரையில்ல அப்பு, ஜோசியம். கோயில் வாசல்ல உக்காந்து சொல்லுங்க" என்பார். 'கே' இருந்தால், யார் சொன்னது, அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்பார். 'பா' போட்ட வரியை மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார். "கண்ணு பாத்துச்சுன்னா, அதுக்கு மேல நான் யாரு கேக்க?" அவ்வளவுதான். என்னை அந்த அளவுக்கு நம்பினார்.

அந்த நாளில் ஊரை ஒட்டிய செக்காலைப் பொட்டலில் கொட்டகை போட்டுக் குத்துச்சண்டை நடத்துவார்கள். நான்கு தேக்குக் கம்பம், கப்பல் கயிற்றின்மேல் பழைய வேட்டியைச் சுற்றிய தடுப்பு, தரையில் வைக்கோல் பரப்பி மேலே தார்ப்பாய். ரங்கூனிலும் பினாங்கிலும் சண்டை பார்த்துப் பழகியவர்கள் ஊரில் நிறைய இருந்ததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஹெவிவெயிட் என்றால் நூற்றெழுபத்தைந்து ராத்தலுக்கு மேல் இருக்க வேண்டும். ஆளை நிறுக்கக் காரைக்குடியில் தராசு கிடையாது. திருப்பத்தூரில் ஒரு கடலை மண்டிக்கு அழைத்துப்போய், மூட்டை நிறுக்கும் தராசுத் தட்டில் வீரரை உட்கார வைப்பார்கள். கூடப் போய் எடைக்குச் சாட்சி சொல்வது என் வேலைகளில் ஒன்று.

அந்த மண்டியில் தராசு பிடித்தவர்தான் கல்லல் வெள்ளைச்சாமி. பெயருக்கு நேர்மாறான நிறம். நல்ல உயரம். ஒருநாள், ரங்கூனில் பட்டம் வாங்கி வந்த காதர் என்ற வீரர் எடைக்கு வந்து தட்டில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் அசையாம இருங்க பாய். எங்க கடலையே உங்களவிட அடக்கமா இருக்கு" என்றார் வெள்ளைச்சாமி.

காதர் திரும்பிப் பார்த்து, "மூட்டையத்தான் தூக்குவீகளா, ஆளையும் தூக்குவீகளா?" என்றார்.

"மூட்டை திருப்பி அடிக்காது. அதுனால சலிப்பா இருக்கு."

இப்படித்தான் அவர் மேடை ஏறினார். காதரோடு மூன்று தடவை மோதி மூன்று தடவையும் தோற்றார். முதல் இரண்டும் கடைசி ரவுண்டுவரை போயின. நடுவில் வேறு நான்கு பேரை வென்றார். மூன்றாவது மட்டும் இரண்டாம் ரவுண்டிலேயே முடிந்துவிட்டது.

அந்த மூன்றாவது சண்டைக்கு நான் நேரத்தில் போய்ச் சேரவில்லை. வேறு வேலையாகத் திருப்பத்தூர் போய்த் திரும்பும்போது பஸ்ஸின் சக்கரம் வழியில் வெடித்துவிட்டது. கொட்டகைக்குள் நுழைந்தபோது ஜனங்கள் எழுந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச்சாமி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குனிந்து நின்ற காதரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் பார்த்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.

அப்போது ஊரில் பெரிய பேச்சு, காதர் பெரியவரா, கோலார் தங்கவயலில் பட்டம் வைத்திருந்த ஜோசப் பெரியவரா என்பதுதான். இருவரும் நேருக்கு நேர் மோதவே இல்லை. காப்பி கிளப்பில் நான் ஜோசப் கட்சி. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் வாயில் வந்துவிட்டது, பிறகு மாற்றிச் சொல்ல வெட்கம். ஆசிரியர் இருவரையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார். இருவரும் வென்றவர்களை என் வழக்கப்படி மூன்று தரமாகப் பிரித்தேன். பிரித்துப் பார்த்தால் காதரின் பட்டியல் கனமாக இருந்தது. அதைக் குறைக்க எனக்கு ஒரு பெயர் கீழே இறங்க வேண்டியிருந்தது. காப்பி கிளப்பில் டிக்கெட் கிழிக்கிறவர் ஒருவர், "அந்தக் கல்லல் ஆளு விழுகறதுக்குன்னே வந்தவன்ல" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

நான் எழுதிய வரி இது: "மூன்றாம் முறை, அடி படுமுன்பே விழுந்தான். இவன் மூன்றாம் தரம். விழுவதற்கென்றே அழைத்து வரப்படுகிறவன்." மற்ற எல்லா வீரர்களையும் 'அவர்' என்று எழுதிய கட்டுரை அது. இந்த வரிக்கு 'கே' போட்டிருந்தால், யார் சொன்னது என்று ஆசிரியர் கேட்டிருப்பார். டிக்கெட் கிழிக்கிறவர் என்றதும் வரியை அடித்திருப்பார். நான் ஓரத்தில் 'பா' என்று போட்டேன்.

காதர் அந்த வாரமே ரங்கூனுக்குப் போய்விட்டார். வெள்ளைச்சாமிக்குத்தான் முழு அடியும் விழுந்தது. ஏனென்றால் மூன்று மாதம் கழித்து ஜோசப்போடு பட்டத்துக்கு மோத இருந்தவர் அவர். நோட்டீஸ்கூட எங்கள் அச்சகத்தில் அடித்து அடுக்கி வைத்திருந்தது. கொட்டகைக்காரர் கட்டுரையைப் படித்துவிட்டுச் சண்டையை ரத்து செய்தார். "விழுகற ஆளப் பாக்க எவன் டிக்கெட் எடுப்பான்?" என்றார். அதன்பிறகு எந்த ஊர்க் கொட்டகையும் அவரைக் கூப்பிடவில்லை. மண்டியில் அவர் தராசைப் பிடித்தால், "தட்டு தானா விழுகுதா, நீ சொல்லி விழுகுதா?" என்று கடலை கொண்டுவரும் சம்சாரிகள் கேலி பண்ணினார்கள். அந்த வேலையையும் விட்டார்.

விடுவதற்கு முன்னால் ஒருநாள் காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஆசிரியர் தம் நாற்காலியில் இருந்தார். வெள்ளைச்சாமி பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் விழுந்தத நீங்க பாத்தீகளா?"

அடிப்பார் என்று பயந்தேன். அவர் அடித்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் பாரம் இருந்திருக்காது. ஆசிரியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பார்த்தேன்" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அச்சுக் கோக்கிறவர்கள் தலை தூக்காமல் வேலை செய்தார்கள்.

எங்கள் அச்சகத்தில் தாளை வீணாக்குவதில்லை. அந்த நோட்டீஸ்களின் பின்பக்கத்தில்தான் மாதக்கணக்கில் பிழைதிருத்தப் பிரதி எடுத்தோம். என் கட்டுரை ஒவ்வொன்றும் திருத்தத்துக்கு வரும்போது, திருப்பினால் கொட்டை எழுத்தில் அவர் பெயர் இருக்கும். நான் திருப்பாமலே திருத்தப் பழகிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் கழித்து, மேடையை விட்டு ஓய்ந்த காதர் ஊர் திரும்பினார். அவரைப் பேட்டி காண ஆசிரியர் என்னை அனுப்பினார். இப்படிப்பட்ட பேட்டியில் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக் கேட்டேன். "உங்களோடு மோதியவர்களில் யார் பெரிய ஆள்?"

"கல்லல் வெள்ளச்சாமி" என்றார், யோசிக்காமல். இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம் பேசாதீக, கேக்காது. மூணாவது சண்டையில மொத ரவுண்டுல அவன் குடுத்தது. குடுத்ததுல அவன் கை எலும்பும் போச்சு. ஒத்தக் கையோட ரெண்டாவது ரவுண்டுக்கு வந்தான். விலாவுக்குக் கீழ ஒண்ணு போட்டேன், உக்காந்துட்டான். அப்புறம் பெஞ்சுல போய்க் கையப் பாத்தேன், வீங்கிக் கெடந்துச்சு. 'ஏம்ப்பா, எந்திரிச்சிருக்கலாம்ல'ன்னேன். 'நான் எந்திரிச்சிட்டேன் பாய், காலுதான் இன்னும் கல்லல்ல நிக்குது'ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

நான் பார்த்த சிரிப்பு அதுதான்.

"எவனோ ஒரு எழுத்துக்காரன் அவன் சும்மா விழுந்தான்னு எழுதிட்டான். எந்தத் துறைமுகத்துல எறங்குனாலும் எனக்கு முந்தி அந்தப் பேப்பரு எறங்கியிருக்கு. 'விலைக்கு வாங்குன ஜெயம்'னு கத்துறாக. அவன் மூணாந்தரம்னா, அவன்கிட்டச் செவிட்டுக் காது வாங்குன நான் எந்தத் தரம்?"

"எழுதினது நான்தான்" என்றேன்.

அவர் நல்ல காதைத் திருப்பி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். "இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? கல்லலுக்குப் போங்க" என்றார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். வையாமல் வழி சொன்னார்.

முதலில் ஆசிரியரிடம் போனேன். எல்லாக் கட்டுரைகளின் கையெழுத்துத் தாளையும் அவர் வருஷவாரியாகக் கட்டி வைத்திருப்பார். அந்தத் தாளைத் தேடி எடுத்து அவர் முன் வைத்து, அந்த 'பா'வைக் காட்டினேன். பஸ் சக்கரம் வெடித்ததிலிருந்து சொன்னேன். அவர் வெகுநேரம் அந்த ஓரத்தையே பார்த்தார். பிறகு தம் சிவப்புப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே திருத்துங்க."

'பா'வை அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று எழுத்தில் எதுவும் பொருந்தவில்லை. 'பொய்' என்று எழுதினேன்.

"முதல் பக்கத்துல போடுவோம். உங்க பேரோட" என்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "விட்டுட்டுப் போனா யாரு ஈடு செய்யறது? பேசாம உக்காந்து எழுதுங்க" என்றார். பிறகு, "அன்னைக்கு அவுக வந்து கேட்டப்ப நானும் உங்க மூஞ்சியத்தான் பாத்தேன். பாத்தும் கண்டுபிடிக்கல. அது என் தப்பு" என்றார். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும்.

திருத்தம் வெளியான பிரதியை எடுத்துக்கொண்டு கல்லல் போனேன். புதிதாக வந்திருந்த ரயிலடியில் வெள்ளைச்சாமி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. நடைமேடையில் நின்றபடியே முழுவதையும் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு இடத்திலும் 'அவர்' என்று எழுதியிருந்தேன். கூட வேலை செய்தவர்களும் நின்று கேட்டார்கள்.

கேட்டு முடித்ததும் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இப்ப நான் எந்தத் தரம்?"

"முதல் தரம்" என்றேன்.

"பாத்தீகளா?"

நான் கையிலிருந்த பத்திரிகையை மடித்தேன்.

"அன்னைக்கும் பாக்காம எறக்குனீக. இன்னைக்கும் பாக்காம ஏத்துறீக. பாத்துட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

அவர் என்னை மன்னிக்கவில்லை. ஆனால் வேலை ஒன்று கொடுத்தார். இன்னும் ஒரு சண்டை வேண்டுமென்று காதரிடம் ஓடினேன். "எனக்கு நாப்பதாச்சு, அவனுக்கு ஒரு கை. நல்ல ஜோடிதான்" என்று சிரித்து ஒப்புக்கொண்டார். ஆசிரியர் கொட்டகைக்குச் சொல்லி ஏற்பாடு செய்தார். டிக்கெட் கிடையாது. செக்காலைப் பொட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நான்கு ரவுண்டு. முந்தின நாளிலிருந்தே நான் காரைக்குடியை விட்டு நகரவில்லை, எந்தச் சக்கரமும் வெடிக்காமல் இருக்க. கயிற்றை ஒட்டி உட்கார்ந்தேன்.

வெள்ளைச்சாமி நான்காவது தடவையும் தோற்றார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. காதரின் கை வேகம் குறைந்திருந்தாலும் கணக்குத் தப்பவில்லை. ஆனால் வெள்ளைச்சாமி காதரின் செவிட்டுப் பக்கம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. திறந்து கிடந்தபோதும் கையை இழுத்துக்கொண்டார். மூன்றாம் ரவுண்டில் முழங்கால் தரையில் பட்டது. எட்டு எண்ணுவதற்குள் எழுந்தார். கடைசி மணி அடித்தபோது நின்றுகொண்டிருந்தார். நடுவர் காதர் கையைத் தூக்கினார். காதர் தம் இன்னொரு கையால் வெள்ளைச்சாமியின் கையைத் தூக்கினார். இந்தப் பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் என்னால் 'பா' போட முடியும்.

இந்தச் சண்டையைப் பற்றி நான் எழுதிய கட்டுரை வந்தபின் கொட்டகைக்காரர்கள் அவரைத் தேடிக் கல்லலுக்குப் போனார்கள். மோதுவதற்கு வயது போய்விட்டது. நான் எடுத்துக்கொண்ட அந்த ஐந்து வருஷத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. நடுவராக வரச் சொன்னார்கள். விழுவது என்றால் என்ன என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? வந்தார். ஞாயிறுதோறும் ரயிலில் வந்து போவார். என்னோடு பேசமாட்டார், பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சண்டை. புதுக்கோட்டைப் பக்கத்து வீரர் ஒருவர் முதல் ரவுண்டிலேயே சாய்ந்தார். வெள்ளைச்சாமி பத்து எண்ணிச் சண்டையை முடித்தார். கூட்டம் பொங்கி எழுந்தது. "அடியே படல! விலைக்கு விழுந்துட்டான்!" என்று கத்தினார்கள். யாரோ, "நடுவரே அந்தச் சாதிதானடா, விழுகற சாதி!" என்றார். பெஞ்சுகள் சரிந்தன. விழுந்த வீரர் எழுந்து உட்கார்ந்து மிரள மிரளப் பார்த்தார்.

வெள்ளைச்சாமி கயிற்றருகே வந்து கையை உயர்த்தினார்.

"நான் சொன்னா நம்ப மாட்டீக. இந்தா, எழுத்துக்காரரு கயித்த ஒட்டி உக்காந்திருக்காரு. அவுகளக் கேளுங்க." பிறகு குனிந்து என் கண்ணைப் பார்த்தார். "அடி பட்டத நீங்க பாத்தீகளா?"

கொட்டகை முழுவதும் என் பக்கம் திரும்பியது. 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பெயரும் அந்த இளைஞர் பெயரும் பிழைத்துவிடும். அவர் எண்ணியது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அந்த அடி விழுந்த நேரத்தில் நான் குனிந்து, முந்தின குத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து நின்றேன்.

"பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. "எழுத்துக்காரருக்கு எழுதத்தான் தெரியும், பாக்கத் தெரியாது!" என்று ஒருவர் கத்த, இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர், "நாங்க பாத்தோம், விலாவுல பட்டுச்சு" என்றார்கள். சரிந்த பெஞ்சுகளை நிமிர்த்தினார்கள்.

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. கயிற்றின்மேல் கையை ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மடங்காத விரல்கள் நீட்டியபடி இருந்தன. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இது போதும்யா" என்றார்.

அடுத்த சண்டைக்கு மணி அடித்தது. நான் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மேடையைப் பார்த்தேன்.